பிறந்த வீட்டுக் கோடி

சின்னப்பொண்ணு இறந்த அன்று காலை, ஃபிளெக்ஸ் கடைக்காரன் கேட்ட முதல் கேள்விக்கே வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. வயது என்ன போடுவது? மகன் கோபால் தொண்ணூறு என்றார். தனக்கே எண்பத்துமூன்று ஆகிறது, அக்கா தன்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்று ஓரகத்தி அஞ்சம்மாள் சண்டைக்கு வந்தாள். ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தால் எழுபத்தெட்டு என்று இருந்தது. அதை நம்பினால் மூத்த மகளை அவள் பாவாடை கட்டிய வயதில் பெற்றிருக்க வேண்டும். கடைசியில் வயதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னார்கள். முகமெல்லாம் சுருங்கிய ஒரு கிழவியின் படத்துக்குக் கீழே சின்னப்பொண்ணு என்று எழுதித் தெருமுனையில் கட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கோபால் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது புருஷன் போய்ச் சேர்ந்தான். இரண்டு பெண்கள், ஒரு பையன், கொஞ்சம் நெல் வயல். ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தபோது பாதி வயலை விற்றாள். மீதியில் வரிசையாக அறைகள் கட்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். லைன் வீடு என்று பெயர். ஒடிசாக்காரன், பீகார்க்காரன், திருநெல்வேலிக்காரன் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் எல்லாரையும் மேய்த்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிற எவனாக இருந்தாலும் கேட் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி “துன்னியா?” என்பாள். இல்லை என்று தலையாட்டினால் சோறும் போடுவாள், கூடவே திட்டும் போடுவாள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரனும் அவள் காலில் விழுவான். எல்லாருக்கும் ஒரே ஆசீர்வாதம்தான்.

மருமகள் ஜோதிலட்சுமி அந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமியார் கையால் அவள் அடி வாங்கியதில்லை. வாயால் வாங்காத நாள் இல்லை. அதனாலோ என்னவோ, ஐஸ் பெட்டியில் கிழவியைக் கிடத்திய பிறகும் ஜோதிக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்தவர்களுக்கு டீ சொல்வதும், நாற்காலி போடச் சொல்வதும், பெட்டிக்குக் கரண்ட் நிற்காமல் பார்ப்பதுமாகவே காலைப்பொழுது போயிற்று.

நாஷ்டா நேரம் முடிந்து கூட்டம் சேர்ந்தபோதுதான் அஞ்சம்மாள் பெட்டி ஓரமாக உட்கார்ந்தபடி அந்தப் பேச்சை எடுத்தாள். பிறந்த வீட்டுக் கோடி வருகிறதா என்று கேட்டாள். பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். எத்தனை பேர் எத்தனை சேலை போர்த்தினாலும் அதுதான் முதலில் மேலே விழ வேண்டும். அது வராமல் பாடையைத் தூக்கினால் நாதியற்றவள் என்று பெயர். தொண்ணூறு வயதில் செத்தாலும் இந்தச் சட்டத்தில் தள்ளுபடி கிடையாது.

கோபாலுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. முனுசாமி மாமா இருக்கிறார், வருஷா வருஷம் சீர் அனுப்புகிறவர் கோடிக்கு வராமல் இருப்பாரா என்றார். மாமாவுக்குத் தகவல் சொல்லிவிடும்படி ஜோதியிடம் சொல்லிவிட்டு, பறை அடிக்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கப் போனார். மனுஷன் அப்படித்தான். தாய்மாமனைத் தன் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கேட்டால், அவனுக்கு மூட்டு வலி, பஸ் ஏற முடியாது, அதான் சீர் ஒழுங்காக வருகிறதே என்று அம்மா சொல்லிவிடுவாள். அது அவருக்குப் போதும்.

சீர் ஒழுங்காகத்தான் வந்தது. போகிக்கு முந்தின நாள், அவள் பிறந்த ஊருக்குப் பக்கத்து அம்மையார்குப்பத்துப் புடவை வியாபாரி மணவாளன் தன் மொபெட்டில் கொண்டுவந்து இறக்குவான். கரும்பு, பூசணிக்காய், பச்சரிசி, வெல்லம், மேலே ஒரு சேலை. “உங்க தம்பி குடுத்தாருமா,” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வான். சின்னப்பொண்ணு அதைக் கூடத்தில் தாம்பாளங்களில் பரப்பி வைத்து, பொங்கல் முடியும்வரை எடுக்க மாட்டாள். அடுத்த தெருவில் அஞ்சம்மாள் வீட்டுக்கும் அவளுடைய அண்ணன் சீர் வரும். அவள் இங்கே வந்து பார்ப்பாள், இவள் அங்கே போய்ப் பார்ப்பாள். ஒருத்தி வீட்டில் ஒரு பூசணிக்காய் கூடுதலாக இருந்தால் இன்னொருத்தி அன்று சரியாகச் சாப்பிட மாட்டாள்.

இந்த இரண்டு மலைகளுக்கு நடுவில்தான் ஜோதியின் தம்பி சடையப்பன் ஒருதடவை மாட்டிக்கொண்டான். அப்பா இல்லாத வீடு. திருநின்றவூரிலிருந்து தினம் ரயிலேறிப் பட்டணத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிற பையன், அக்காவுக்குப் பொங்கல் சீர் என்று ஒரு நூல் சேலையும் ஒரு கட்டுக் கரும்பும் எடுத்து வந்தான். சின்னப்பொண்ணு அந்தச் சேலையைப் பிரித்து, ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். அஞ்சம்மாளும் குடியிருப்பவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என் தம்பி மூட்ட மூட்டயா அனுப்புறான். உன் தம்பி ஊடு தொடைக்கிற துணி கொணாந்துகிறான்,” என்றாள். அதோடு சடையப்பன் அந்த வீட்டு வாசற்படி ஏறுவதை விட்டான். பொங்கலுக்கு வருவான், கேட்டுக்கு வெளியே நின்று பையைக் கொடுப்பான், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விடுவான். ஜோதியின் பிள்ளைகளுக்கு மாமன் மடியில் வைத்துக் காது குத்தியதுகூடச் சிறுவாபுரிக் கோயிலில்தான்.

முனுசாமியின் நம்பர் யாரிடமும் இல்லை. மணவாளனுடைய நம்பர்தான் இருந்தது. ஜோதி சத்தமில்லாத இடமாகத் தேடிப் பின்பக்கம் மோட்டார் ரூமுக்குப் போய் நின்று அவனைக் கூப்பிட்டாள். அத்தை போன தகவலைச் சொன்னதும் அந்தப் பக்கம் மணவாளன் ஐயோ என்று கொஞ்ச நேரம் அழுதான். அவனும் இப்போது கிழவன்தான். நாலு மணிக்கு எடுக்கிறோம், முனுசாமி மாமாவிடம் சொல்லிக் கோடியோடு வரச் சொல்லுங்கள் என்று இவள் சொன்னதும் அவன் அழுகை நின்றுவிட்டது.

“அவரு செத்துப் பல வருசம் ஆவுதும்மா,” என்றான் பிறகு.

ஜோதிக்கு முதலில் புரியவில்லை. போன பொங்கலுக்குச் சேலை வந்ததே என்று கேட்டாள். மணவாளன் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தான் போலிருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னான். கோபால் கல்யாணத்துக்கு வந்த முனுசாமி, கையோடு அப்பா நிலத்தை விற்பதற்கு அக்காவிடம் கையெழுத்தும் கேட்டிருக்கிறான். சின்னப்பொண்ணு தனக்குக் கால் காணிகூட வேண்டாம், வருஷா வருஷம் பொங்கல் சீர் மட்டும் நின்றுபோகக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருஷமே சீர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மணவாளன் இறக்கிய ஒவ்வொரு கரும்பும் ஒவ்வொரு சேலையும் சின்னப்பொண்ணு தன் வாடகைப் பணத்தில் அவனிடம் சொல்லி வாங்கியவை. உங்க தம்பி கொடுத்தார் என்று அவன் சத்தமாகச் சொன்னதும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஜோதிக்கு முதலில் வந்தது கோபம். அதை மறைப்பானேன்? அத்தைக்கு வந்ததாக அவள் இந்த வீட்டில் கண்ணால் பார்த்த ஒரு சீர்கூட நிஜம் இல்லை. கூலிக்குக் கொண்டுவந்து பரப்பிய சாமானைப் பக்கத்தில் வைத்துத்தான் அவள் தம்பி வியர்வை சிந்திச் சம்பாதித்த சேலையை ஊடு தொடைக்கிற துணி என்று சொன்னாள் அந்த மகராசி. அதைக் கேட்டுவிட்டுத்தான் இத்தனை வருஷமாகச் சடையப்பன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். இப்போது நேரே கூடத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அஞ்சம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். பாடை தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நியாயப்படி பார்த்தால் அந்த வார்த்தையைச் சொல்ல ஜோதிக்கு உரிமை இருந்தது.

போனை வைக்கப் போனவள், தம்பி செத்தது அத்தைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

“நான்தாம்மா சொன்னேன். ஒரு மத்தியானம், மூட்டய எறக்கி வெச்சிகினு சொன்னேன். ஒரு சேலய கையில வெச்சிகினு வெல கேட்டுகினு இருந்தாங்க. அத மடிச்சு வெச்சிட்டாங்க. ஜோதிக்குத் தெரிய வேணாம்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.”

அந்த மத்தியானம் ஜோதிக்கு நினைவிருந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டு வந்து பார்த்தால், கிழவி குழாயடியில் கட்டிய சேலையோடு குந்தி உட்கார்ந்து, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளியும் இல்லை, செவ்வாயும் இல்லை. இன்னா அத்தை இது என்று கேட்டதற்கு உடம்பு சூடு என்றாள். காய்ச்சல் வந்தால் யாருக்குப் பேஜாரு என்று ஜோதி கத்தினாள். எப்போதும் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிற கிழவி அன்று வாயைத் திறக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அன்று பட்டினி கிடந்தாள். மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து பழையபடி அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

கூடப்பிறந்தவனுக்குத் தலைமுழுகியிருக்கிறாள், அதுவும் சாவு விழுந்து எத்தனை நாள் கழித்தோ. வாய்விட்டு அழுதிருந்தால் வீடே கூடி அழுதிருக்கும். ஆனால் அதோடு சீரும் நின்றிருக்கும். நிஜமான சீர் எப்போது நின்றது என்ற கேள்வியும் வந்திருக்கும். தம்பி ஏமாற்றிவிட்டான் என்று வெளியே சொல்வதைவிட, தம்பி இருக்கிறான் என்று தானே தனக்குச் சீர் வாங்கிக்கொள்வது மேல் என்று பட்டிருக்கிறது அவளுக்கு. ஊரையே மேய்த்தவள் இந்த ஒரு இடத்தில் யாருமற்றுத்தான் இருந்திருக்கிறாள்.

ஜோதிக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கோபம் இருந்தது. அதோடு, அந்தக் கிழவியை நாதியற்றவள் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தன்னால் நிற்க முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. தம்பிக்குப் போன் போட்டாள்.

சடையப்பன் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தான். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்திருந்தான். மாலை வாங்கிவிட்டதாகவும், அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் மணிக்கணக்கில் லேட் என்றும் சொன்னான்.

“மாலை மட்டும் போதாதுடா. ஒரு சேலை எடுத்துகினு வா. பொறந்த ஊட்டுக் கோடி.”

“யாருக்கு?”

“அத்தைக்கு. நாமதான் போடணும். ஏன்னு இப்ப கேக்காத.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு ரயில் கடந்து போயிற்று. “நான் எடுக்கிற சேலை அவங்களுக்குப் புடிக்காதேக்கா,” என்றான்.

“இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வா,” என்றாள் ஜோதி. அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டான்.

மத்தியானம் மெல்ல நகர்ந்தது. மாமாவுக்குச் சொல்லிவிட்டாயா என்று கோபால் கேட்டார். கோடி வருகிறது என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை. மகள்கள் இருவரும் அழுது ஓய்ந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். லைன் வீட்டு ஒடிசாப் பையன்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். குளிப்பாட்ட வேண்டிய நேரம் வந்தது. சம்பந்தி வீட்டுச் சேலைகளும் பேத்திகளின் சேலைகளும் மடிப்புக் கலையாமல் வரிசையில் காத்திருந்தன. வடக்கே மேகம் கறுத்துவிட்டது, சீக்கிரம் எடுத்தால் நல்லது என்று பாடை கட்டுகிறவர் இரண்டுதரம் வந்து சொன்னார். அஞ்சம்மாள் மட்டும் அசையவில்லை. கோடி வரட்டும் என்றாள். அவள் கேட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஜோதியும் கேட்டைப் பார்த்தாள்.

நாலு மணியும் தாண்டிய பிறகு ஒரு ஆட்டோ வந்து நின்றது. சடையப்பன் இறங்கினான். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் கும்மிடிப்பூண்டி பஜார் கடைப் பை. தலை முக்கால்வாசி நரைத்த மனுஷன், வழக்கப்படி கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். கால் அதற்கு மேல் போகவில்லை. பழக்கம்.

ஜோதி பந்தலைத் தாண்டிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லாரும் பார்க்க அவனை உள்ளே கூட்டி வந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். அவன் ஜோதியின் தம்பி என்பது தெருவுக்கே தெரியும். அஞ்சம்மாள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

“இது யாரு கோடி?”

“அத்தையோட பொறந்த ஊட்டுக் கோடி, சின்ன அத்தை.”

“முனுசாமி எங்க?”

“மாமாவால வர முடியல. எந்தம்பி எடுத்துகினு வந்துகிறான்.”

கோபால் என்னவோ கேட்க வாயெடுத்தார். ஜோதி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அஞ்சம்மாள் கையை நீட்டிச் சேலையை வாங்கினாள். அரக்கு நிறம், பச்சைக் கரை, நூல் சேலை. ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். அதே கூடம், அதே தம்பி, அதே விரல் வித்தை. இவளும் அதையே சொல்லிவிட்டால் இந்த ஜென்மத்தில் தம்பியின் முகத்தில் தன்னால் விழிக்க முடியாது என்று நினைத்தாள்.

அஞ்சம்மாள் சடையப்பனையும் ஜோதியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் இருந்தவளைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“நல்ல சேலை. அக்காவுக்கு அரக்குன்னா உசுரு,” என்றாள். “போத்துப்பா. நேரமாவுது.”

பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் சடையப்பன் போர்த்தினான். போர்த்திவிட்டு அந்தக் காலடியில் தலையை வைத்தவன் உடனே எழவில்லை. தோள் குலுங்கியது. தன்னை அவமானப்படுத்தியவளுக்காக ஒருவன் இப்படி அழுவானா என்று யாராவது கேட்டால் ஜோதிக்கும் பதில் தெரியாது. அவளும் அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக அழுதாள். மாமியாருக்காக அழுதாள், தம்பிக்காக அழுதாள், குழாயடியில் நனைந்துகொண்டிருந்த அந்த மத்தியானத்துக்காகவும் அழுதாள். பறை எழும்பியது. மற்றச் சேலைகள் அதற்கு மேல் ஒவ்வொன்றாக விழுந்தன.

தெருமுனைவரை போய்த் திரும்பிய பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜோதி தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது, அஞ்சம்மாள் ஈரத்தலையோடு கேட் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து ஜோதி பார்த்ததில்லை. கிழவி கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“முனுசாமி எப்ப செத்தான்?” என்று கேட்டாள்.

ஜோதி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சும்மா சொல்லு, நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்றாள் அஞ்சம்மாள். ஊர் முழுக்கச் சொல்லுகிறவள் அப்படிச் சொன்னது வேடிக்கைதான். ஆனாலும் அந்தக் குரலில் ஏதோ இருந்தது, ஜோதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கையெழுத்து, மணவாளன், வாடகைப் பணம், அந்த மத்தியானம் எல்லாவற்றையும். அஞ்சம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“எனக்கும் அந்த மணவாளன்தான் கொணாருவான்,” என்றாள்.

புடவையைச் சொல்கிறாள் என்றுதான் ஜோதி முதலில் நினைத்தாள். பிறகு கிழவியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. அண்ணன் போய் எத்தனையோ வருஷமாகிறது என்றாள் அஞ்சம்மாள். அண்ணன் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள், தெருவில் எதிரே வந்தால் அத்தை என்று அடையாளம் தெரியாது. அக்காவுக்கு மட்டும் சீர் வருகிறதே என்ற பொறாமையில்தான் தானும் மணவாளனிடம் சொல்லி வரவழைக்க ஆரம்பித்தாளாம். அக்காவுக்கு இரண்டு பூசணிக்காய் வந்தால் மறு வருஷம் இவள் மூன்றுக்குச் சொல்லுவாளாம்.

“அவளுக்கு நெசமாவே வருதுன்னு நெனச்சிகினு எத்தினி நாளு வயிறு எரிஞ்சிகிறேன் தெரியுமா. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒரே பூசணிக்காயில முடிச்சிருக்கலாம்.”

சிரிக்கப் போனவள் சிரிக்காமல் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகப்புக் குழாயில் கால் கழுவ வரிசையாக நின்றார்கள். சடையப்பன் கடைசியில் நின்றான். கழுவி முடித்ததும் அவன் கேட்டுப் பக்கம் போகவில்லை, படியேறி உள்ளே போனான். அஞ்சம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜோதி. எனக்கும் உன் தம்பி எடுத்துகினு வருவானா?”

ஜோதி அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். வருவான் சின்ன அத்தை, நான் சொல்லி வைக்கிறேன் என்றாள்.

கிழவிக்கு மனசு ஆறியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஜோதியின் தோளைத் தட்டினாள்.

“எனக்கு அரக்கு வேணாம். பச்ச எடுத்தாரச் சொல்லு.”